அண்ணனின் கிண்ணம்

எங்கள் வீட்டில் எனக்கு அவசரம் என்று பெயர். வைத்தவன் அண்ணன். அடுப்பில் வைத்த தண்ணீரைப் பார்த்து, சீக்கிரம் கொதித்துத் தொலை என்று திட்டுகிறவள் நான். அவனோ, வீடே இடிந்து விழுந்தாலும் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். பாருங்கள், இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை செல் வளர்ப்பது. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, கிண்ணத்தில் விட்டு, சூடு மாறாத பெட்டிக்குள் வைத்துவிட்டு, அவை தேறி வரும்வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீதான் என்று அண்ணி கிண்டல் செய்வார். எனக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் வரவே வராது.

எங்கள் ஆய்வுக்கூடம் மாரடைப்பின் பூர்வீகத்தைத் தேடுகிற இடம். ரத்தக்குழாய் என்றதும் எல்லோரும் வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்கிறார்கள். கொழுப்பு போய் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதானே என்பார்கள். அவ்வளவுதான் என்றால் எனக்கு இங்கே வேலையே இருக்காது. கொழுப்பு குழாயின் சுவருக்குள் புகுந்து அங்கே கெட்டுப்போகிறது. அதை அள்ளிப்போட நம்முடைய காவல் செல்களே ஓடி வருகின்றன. வந்து விழுங்குகின்றன. அளவோடு விழுங்கி, விழுங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டால் ஒரு குறையும் இல்லை. சில செல்களுக்கு அந்த அளவு தெரியாது. வயிறு முட்ட விழுங்கி, நகர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, ஆள் அனுப்புங்கள் ஆள் அனுப்புங்கள் என்று கூப்பாடு போடும். வருகிறவையும் விழுங்கும், அவையும் கத்தும். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் அழற்சி என்று பெயர். சுவர் உள்ளுக்குள் புண்ணாகிக்கொண்டே வந்து, ஒருநாள் புண் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை மறித்துவிட்டால் ஆள் போய்விடுவார். எங்கள் அப்பா அப்படித்தான் போனார், வேலை செய்த அச்சகத்திலேயே, கையில் மை காயாமல். அப்போது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆள் பார்க்க அப்பாவேதான். அதே ஒல்லி, அதே கழுத்து, நடக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வதும் அதே மாதிரி. பொரித்ததைத் தொட மாட்டான், சிகரெட் கிடையாது, நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறவன். எங்கள் ஆய்வுக்கு நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான வெளியாள் ஒருவர் தேவைப்பட்டபோது, என் நாக்கு சும்மா இருக்காமல், என் அண்ணனைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டது.

ஆகாயத்தில் தொங்குகிற கம்பிக்கயிற்றில் எண்ணெய் தடவுகிறவனுக்கு ஊசி என்றால் உயிர் போகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரத்தம் எடுக்கும் அறையில் நாற்காலியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் கேட்டான், கழிப்பறை எங்கே என்று கேட்டான், இன்னொரு நாள் வரட்டுமா என்று கேட்டான். நர்ஸ் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு முறைப்படி நானும் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் மருந்தும் கருவிகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர் கை நீட்டுவது வழக்கம். எனவே நான் போய் உட்கார்ந்து, இதோ பார், எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று காட்டினேன். அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவனும் உட்கார்ந்தான். வெளியே வந்ததும் வாசலில் நின்று, செத்துப் பிழைத்த மாதிரி இரண்டு டம்ளர் ஜூஸ் குடித்தான்.

பிற்பகலில் வழக்கம்போல் ரத்தம் பிடித்த முதல் சோதனைக்குழாயை வெளியாள் கிண்ணத்துக்கும் அடுத்ததை எங்கள் கிண்ணத்துக்கும் பிரித்தேன். செல்கள் தேறியதும் எல்லாக் கிண்ணங்களுக்கும் ஒரே அளவு கெட்ட கொழுப்பைக் கொடுத்தேன். பிறகு சிவப்புச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நோயாளிகளின் கிண்ணங்களில் செல்கள் உப்பி, உள்ளே சிவப்புச் சிவப்பாகக் கொழுப்புத் துளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். அண்ணனின் கிண்ணத்தைத் தூக்கி வைத்தேன். அதுவும் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் மோசமாக இருந்தது. கூப்பாடு போட்டு ஆள் கூப்பிடுகிற பொருளை அளந்து பார்த்தால், அதிலும் நோயாளிகளைத் தாண்டி நின்றது.

இப்படி வந்தால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். கிண்ணம் கெட்டுவிட்டது. எங்கேயோ அழுக்குச் சேர்ந்துவிட்டது. ஆரோக்கியமான ஆள் என்று எழுதி ஒட்டிய கிண்ணத்தில் செல்கள் கோபப்பட்டால் நாங்கள் செல்லைச் சந்தேகப்படுவதில்லை, பக்கத்தில் வேலை செய்கிறவரைச் சந்தேகப்படுவோம். என் மேசையில் பாதி இடம் இன்னொருத்திக்கு. அதனால் அவளை எல்லோரும் பங்காளி என்றுதான் கூப்பிடுவார்கள். கையுறை மாற்றினாயா, பெட்டிக் கதவை ஒழுங்காக மூடினாயா, என் புட்டியில் உன் உறிஞ்சுகுழாயை விட்டாயா என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் பதிலுக்கு, நீ அவசரத்தில் உன் தலையையே எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வந்திருப்பாய், அதை முதலில் தேடு என்றாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கிண்ணத்தைக் கொட்டினேன். பெட்டியைத் தேய்த்துக் கழுவினேன். புதுப் புட்டி உடைத்தேன். உறைய வைத்திருந்த மிச்சச் செல்களை எடுத்து மறுபடி வளர்த்தேன். மறுபடியும் அதே சிவப்பு, அதே கூப்பாடு. மறுபடி கொட்டினேன். அடுத்த முறை பங்காளியே, நீ நகரு, நான் செய்கிறேன் என்று தன் கையால் வளர்த்தாள். அழுக்கு இருக்கிறதா என்று தனிச் சோதனையும் போட்டாள். அழுக்கு இல்லவே இல்லை. பக்கத்திலேயே இருந்த என் கிண்ணத்தில் செல்கள் பரம சாதுவாக, கொடுத்ததில் கொஞ்சம் விழுங்கிவிட்டுத் தம் பாட்டுக்கு இருந்தன. எனக்கும் சின்ன வயதிலேயே ரத்தத்தில் கொழுப்பு ஏறி, பல வருஷமாக மாத்திரையில் இறக்கி வைத்திருக்கிறேன். பரவாயில்லையே, போட்ட மாத்திரை வீண் போகவில்லை என்று ஒரு நிமிஷம் பெருமைகூடப் பட்டேன். அப்புறம்தான் பயம் பிடித்தது. கிண்ணம் கெடவில்லை என்றால் கெட்டது என்ன?

எங்கள் தலைவரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கிண்ணத்தைப் பார்த்து ஆளுக்கு ஜோசியம் சொல்லக் கூடாது என்றார். செல்கள் கோபப்படுவதால் ரத்தக்குழாயில் புண் இருக்கிறது என்று ஆகிவிடாது, இது இன்னும் ஆராய்ச்சிதான், வைத்தியம் இல்லை என்றார். அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நீண்ட காலம் கொழுப்பு ஊறிய உடம்பில் பிறக்கிற செல்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளும், கொழுப்பை இறக்கிய பிறகும் சிலருக்கு அந்தக் கோபம் இறங்காது என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறவளும் நான்தானே. அப்பாவின் கழுத்தும் தோளுமாக ஒருத்தன் தினமும் படி ஏறிக்கொண்டிருக்கிறான். கண்ணை மூடினால் சிவப்புத் துளிகள்தான் தெரிந்தன.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைவிடப் பெரிய வேடிக்கை எங்கள் குடும்பத்தில் இல்லை. மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிடந்தால் முதுகின் நடுவில் ஒரு வலி வரும், அதுவும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கிற சாக்கில் கொஞ்சம் நின்றேன்.

ஆரம்பித்தேன். நெஞ்சு வலிக்கிறதா, படி ஏறினால் மூச்சு இரைக்கிறதா, தாடையில் இழுக்கிறதா என்று அடுக்கினேன். அவன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம், ஒரு ஊசி போட்டு மருந்து ஏற்றுவார்கள், அவ்வளவுதான் என்றேன். ஊசி என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பெரிய கட்டடத்தில் கயிறு மாற்றுகிற வேலை நடக்கிறது, அது முடியட்டும் என்று தட்டிக்கழித்தான். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கயிறு அறுந்த பிறகா மாற்றுவாய், தேயும்போதே மாற்றுவாய்தானே, இதுவும் அது மாதிரிதான் என்று அவன் பாஷையிலேயே பேசினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். லிஃப்டுக்குக் கயிறு பல இருக்கும், ஒன்று போனால் மற்றது தாங்கும், கீழே பிடிமானம் இருக்கும், அதற்கும் கீழே ஸ்பிரிங் இருக்கும், உன் இதயத்துக்கு இதெல்லாம் உண்டா, தெரியாத தொழிலில் மூக்கை நுழைக்காதே என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணிதான் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவரிடம் மட்டும் கிண்ணத்தைப் பற்றி விவரமாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. நான் பேசிப் பார்க்கிறேன் என்றவர், என் நெற்றியைப் பார்த்து, உனக்கு ஏன் இப்படி வேர்க்கிறது, உள்ளே வந்து உட்கார் என்றார். பதற்றம் அண்ணி, வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதன்பிறகு நான் அந்த மாடிப்படியை விடவில்லை. வேலை முடிந்ததும் நேரே அங்கேதான். அண்ணன் கதவைத் திறக்கும்போதே, வந்துவிட்டாள் எமனுக்கு ஏஜெண்ட் என்பான். ஒருநாள் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவே இல்லை. பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலித்தது. ஆய்வுக்கூடத்தில் பங்காளி, நீ தூங்குகிறாயா இல்லையா என்று கேட்டாள். தூங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எதற்கோ பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி நெஞ்சு படபடவென்று இருந்தது. அண்ணன் படம் எடுத்துக்கொண்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

கடைசியில் அவனை ஆய்வுக்கூடத்துக்கே இழுத்து வந்தேன். ஊசி இல்லை, பார்த்துவிட்டு மட்டும் போ என்று சத்தியம் செய்த பிறகுதான் உள்ளே வந்தான். கிண்ணத்தை வைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்து, கண்ணை வைத்துப் பார் என்றேன். குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. முதலில் நோயாளியின் கிண்ணம், அடுத்தது என்னுடையது, கடைசியாக அவனுடையது என்று மாற்றி மாற்றிக் காட்டினேன். வித்தியாசம் சொல்லிக்கொடுக்கவே தேவைப்படவில்லை.

"இந்தச் செவப்பா வீங்கிக் கெடக்கிறது எல்லாம் நானா?" என்று கேட்டான்.

"நீதான்" என்றேன்.

அவன் சட்டைப் பையைத் தடவினான், கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று மெதுவாகக் கேட்டான். இருந்திருக்கலாம் என்றேன். நாளைக்கு லீவு சொல்லிவிடுகிறேன், நீ கூட வா என்றான். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.

ஸ்கேன் எடுக்கும் இடம் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில். லிஃப்டில் போகலாம் என்றால், அதன் சத்தம் சரியில்லை, நான் ஏற மாட்டேன் என்று படியில் போனான். பின்னால் நானும் போனேன். ஊசி குத்தும்போது என் கையை நொறுங்கிவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டான். படம் எடுத்து முடிந்து நாங்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். அவன் யாரோ விட்டுப்போன பழைய வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். இவர் வயதில் இப்படிக் குழாய் பார்ப்பதே அபூர்வம், சுவரில் ஒரு பொட்டுகூட இல்லை என்றார். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் முதல் மார்க் வாங்கினபோதுகூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் எரிச்சல் கொதித்தது. சரியாகப் பாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் வாதாடினேன். இரண்டு பேர் கை மாறி வளர்த்தும் அந்தச் செல்கள் அப்படித்தான் இருந்தன என்றேன். அவர், படம் தெளிவாக இருக்கிறது என்று முடித்துவிட்டார்.

வெளியே வந்தும் நான் விடவில்லை. பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு, கிண்ணம் பொய் சொல்லாது, உன் ரத்தம்தான் அது, என் கையால் பிரித்தேன், வெளியாளின் குழாய் எப்போதும் முதலில் இருக்கும், அதை எடுத்துத்தான் வளர்த்தேன் என்று பொரிந்து தள்ளினேன்.

அண்ணன் ஊசி போட்ட இடத்தில் வைத்த பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"முதல்ல இருக்கிறது எப்படி என்னோடதாகும்? அன்னைக்கு நான் பயந்துட்டேன்னு நீதானே முதல்ல உக்காந்து கையை நீட்டினே."

அன்றைக்கு நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

வெளியாளைக் காக்க வைக்கக் கூடாது என்பதால் எங்கள் இடத்தில் எப்போதும் அவருக்குத்தான் முதலில் எடுப்போம். எங்கள் ஆள் பிறகு. ரத்தம் கொடுத்தவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்று குழாயில் பெயரும் எழுத மாட்டோம். நர்ஸ் அக்கா எடுக்க எடுக்க அதே வரிசையில் குழாய்களைத் தாங்கியில் செருகிவிடுவார். முதல் குழி வெளியாள், அடுத்தது நாங்கள். இத்தனை வருஷத்தில் அது மாறியதே இல்லை, அதனால் யாரும் கேட்டதும் இல்லை. அன்றைக்கு மட்டும் மாறியிருந்தது. மாற்றியவளே பிற்பகலில் போய், கை பழகிய பழக்கத்தில் முதல் குழாயை எடுத்து அண்ணன் பெயரில் வளர்த்திருக்கிறாள்.

சாதுவாக இருந்த செல்கள் அவனுடையவை. கொட்டிக் கொட்டிக் கழுவினேனே, அவை என்னுடையவை.

படிக்கட்டுத் திருப்பமும், முதுகின் நடுவில் வலியும், தாடையும், அண்ணி பார்த்த வேர்வையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நெஞ்சுக்குப் பதில் முதுகு, மற்றபடி அவனிடம் அடுக்கின கேள்வி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஆம் என்று பதில் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அண்ணனுக்குச் செல்லும் தெரியாது, அழற்சியும் தெரியாது. ஆனால் நான் நடக்காமல் உட்கார்ந்ததை அவன் பார்த்துவிட்டான். என்ன ஆச்சு என்று கேட்டான். சொன்னேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஆய்வுக்கூடத்தில் வேலை கிடக்கிறது என்று அதோடு சேர்த்துச் சொன்னேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வருகிற என் அண்ணன், ஒரு செருப்பைப் பெஞ்சடியிலேயே விட்டுவிட்டு டாக்டரம்மா அறைக்கு ஓடினான்.

டாக்டரம்மா வந்து கேள்வி கேட்டார். நான் அண்ணனைக் கேட்ட அதே கேள்விகள். எப்போதிலிருந்து, எவ்வளவு படி ஏறினால், நின்றால் அடங்குகிறதா என்று கேட்டார். மார்பில் ஒயர்களை ஒட்டி எடுத்த காகிதத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்தவர், இனி இவர் ஒரு படிகூட ஏறவோ இறங்கவோ கூடாது என்று நர்ஸிடம் சொன்னார். சக்கர நாற்காலி வந்தது. மறுத்துப் பேச வாயெடுத்தேன், அண்ணன் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். நல்லவேளையாக வந்தீர்கள் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். நான் வரவில்லை, இவனை இழுத்து வந்தேன் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

ஊசி போடும் அறையில் அண்ணனுக்குக் குத்திய அதே நர்ஸ், அதே தட்டு. என் கை விறைத்து மடங்கிக்கொண்டது. வாழ்நாளில் எத்தனையோ முறை அலட்சியமாக நீட்டின கை அது. நரம்பு அகப்படவில்லை, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் முடியவில்லை.

ஒற்றைச் செருப்போடு பக்கத்தில் நின்றிருந்த அண்ணன், மடித்த சட்டைக் கையை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டு என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சிஸ்டர், வேணும்னா எனக்கு மறுபடி முதல்ல குத்திக் காட்டுங்க. அவ பார்த்துக்கட்டும்."

நான் கையைத் தளர்த்தினேன்.